கத்தரிக்காயும் மயில் விமானமும்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூனில் நானும் மனுசியும் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸில் கட்டுநாயக்கவிலிருந்து இலண்டனுக்குப் போனோம். இரண்டு மாதம் பேத்தியோடு இருந்துவிட்டு அதிலேயே திரும்பி வந்தோம். போனதிலும் குறையில்லை, வந்ததிலும் குறையில்லை. அறுபத்தெட்டு வயதில், முழங்கால் தேய்ந்த மனுசியைக் கூட்டிக்கொண்டு போகிறவனுக்கு, இங்கே ஏறினால் அங்கே இறங்கலாம் என்பதைப் போல வசதி வேறில்லை. விமானம் எப்படி என்று மட்டும் அறிய வந்தவர்கள் இத்தோடு நிறுத்தலாம். யோசிக்காமல் ரிக்கற் போடுங்கோ.

மிச்சம் எல்லாம் விலையைப் பற்றியது. நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் 31 வருஷம் கணக்கெழுதியவன். ஒரு சாமானின் விலை எவ்வளவு என்று ஆராவது சொன்னால், அதை ஆர் குடுத்தது என்று கேட்கிற வியாதி எனக்கு உண்டு.

ரிக்கற்றில் அடித்த விலை போக வரத் தலைக்கு 252,000 ரூபா. டுபாய் வழியாகப் போனால் 31,000 குறைவு என்று மகள் போனில் சொன்னாள். "அங்க ஆறு மணித்தியாலம் கதிரையில குந்தியிருக்க என்னால ஏலாது பிள்ளை," என்று மனுசி கதையை முடித்துவிட்டா. அதோடு இன்னொரு வசனமும் சேர்த்தா: "இது எங்கடை பிளேன்தானே."

எங்கடை பிளேன். அந்த ஒரு சொல்தான் இந்த மதிப்புரை இவ்வளவு நீளப்பட்டதற்குக் காரணம்.

பயணம் கோண்டாவிலில் இருந்தே தொடங்கிவிட்டது என்பதால் வானைப் பற்றியும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேரே ஓடுகிற வான்களில் ஒன்று. பெயர் சொல்லமாட்டேன். இரவு ஒன்பது மணிக்கு வாசலுக்கு வந்து ஏற்றினார்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும்வரை எல்லாம் சரி. வவுனியா தாண்டியதும் ஏசி நின்றுவிட்டது. ஒன்பது சனம், ஒன்பது சனத்தின் மிளகாய்த்தூள், ஒடியல்மா, பயற்றம் பணியாரம், ஆரோ கொண்டுவந்த கருவாடு. மதவாச்சியிலிருந்து கட்டுநாயக்க வரை அந்தக் கருவாட்டோடு வந்தோம். விடிய இறங்கும்போது சாரதி ஒரு கதையும் சொல்லவில்லை. நாங்கள் இலண்டன் போய் மூன்றாம் நாள் வான்காரர் என் மகனின் கணக்குக்குத் தலைக்கு ஆயிரம் ரூபா திருப்பிப் போட்டிருந்தார். ஏசி திருத்திய செலவும் அவருடையது, எங்களுக்குத் தந்ததும் அவருடையது. வான்காரரின் நட்டத்தை அடைக்க அரசின் திறைசேரியிலிருந்து ஒருவரும் வரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

விமானம் எயார்பஸ் 330. மயில் தோகை போட்ட சேலையோடு வாசலில் நின்று கைகூப்பினார்கள். வாலில் இருக்கிற மயிலைப் பேத்திக்கு அனுப்பவென்று படம் எடுத்தேன். அது இராவணனின் பறக்கும் மயில், தண்டு மொனர என்று சிங்களத்தில் சொல்கிற வாகனம். எங்கள் புராணப்படி புஷ்பக விமானத்தின் முந்தின சொந்தக்காரன் குபேரன், பிறகுதான் இராவணன் பறித்துக்கொண்டது. பறித்தவனுக்கும் அதைப் பராமரிக்கிற செலவு என்ன வந்ததென்று ஒரு புலவரும் பாடவில்லை.

சாப்பாடு சைவம் என்று முன்கூட்டியே பதிந்திருந்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய் மோஜு, ஒரு சின்னக் கிண்ணத்தில் வட்டிலப்பம் மாதிரி ஒன்று. மோஜு உண்மையாகவே நல்லாயிருந்தது. புளிப்பும் இனிப்பும் அளவாக, கத்தரிக்காய் குழையாமல். மனுசி என்னுடையதையும் வாங்கிச் சாப்பிட்டா. தேத்தண்ணி இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் முகம் கோணாமல் தந்தார்கள். இடையில் மனுசியின் கால் விறைத்துப்போக, மட்டக்களப்புப் பக்கத்துப் பெடியன் ஒருவன் பின்வரிசையில் காலியாய்க் கிடந்த மூன்று கதிரையைக் காட்டி, "அம்மா, இதில நீட்டி நிமிந்து படுங்க, நான் வந்து எழுப்புறன்," என்றான். எழுப்பியும் விட்டான். அந்தப் பிள்ளைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. நான் கீழே எழுதப்போகிற ஒன்றும் அவனுடைய பிழை இல்லை.

மனுசி நீட்டிப் படுத்திருக்க, எனக்கு நித்திரை வரவில்லை. 2022 மே 16 ஆம் திகதி ஞாபகம் வந்தது. அன்று பின்னேரம் நான் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எழுபது எண்பது கான் இருக்கும். பிரதமராகி நாலு நாளான ரணில் விக்கிரமசிங்க நாட்டுக்கு உரையாற்றுகிறார் என்று பக்கத்தில் நின்ற பெடியன் போனைச் சத்தமாக வைத்தான். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் 2020-2021 வருஷ நட்டம் மட்டும் 45 பில்லியன் ரூபா, 2021 மார்ச் 31 வரைக்கும் சேர்ந்த நட்டம் 372 பில்லியன் என்றார். தனியாருக்கு விற்றாலும் இந்த நட்டத்தை நாங்கள்தான் சுமக்கவேண்டும், விமானத்தில் ஒரு நாளும் காலடி வைக்காத ஏழைச் சனமும் சுமக்கவேண்டும் என்றும் சொன்னார். வரிசையில் ஆரோ சிரித்தார்கள். "அப்ப எனக்கும் ஒரு சீற் இருக்கு," என்றார் முன்னுக்கு நின்ற கிழவர்.

நான் கானைக் கீழே வைத்துவிட்டு மனக்கணக்குப் போட்டேன். 372 பில்லியன் என்றால் 37,200 கோடி. சனத்தொகை ஏறக்குறைய 2 கோடி 20 இலட்சம். தலைக்குப் பதினேழாயிரம் ரூபா. அந்தக் கிழவருக்குப் பதினேழாயிரம். வரிசையில் தாயின் இடுப்பில் இருந்த குழந்தைக்கும் பதினேழாயிரம்.

ஆகவே என் ரிக்கற்றின் முழு விலை 252,000 இல்லை. அதோடு நாலுபேர் இருக்கிற எங்கள் வீட்டின் 68,000 ரூபாவும் சேரும். எங்கள் கதை பரவாயில்லை. ஏறினோம், சாப்பிட்டோம், காலை நீட்டிப் படுத்தோம். கிழவர் கட்டியதற்கு என்ன கிடைத்தது?

நிறுவனம் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று கேட்டால், பேரேட்டைப் பின்னால் புரட்டவேண்டும். 1979 இல் எயார் லங்கா என்று தொடங்கியது. 1998 இல் எமிரேட்ஸ் 40 வீதப் பங்கை வாங்கிப் பத்து வருஷம் நிர்வாகத்தை எடுத்தது. 2001 ஜூலை 24 கட்டுநாயக்கத் தாக்குதலில் பயணிகள் விமானங்களும் எரிந்தன. அந்த அடிக்குப் பிறகும் எழும்பி நின்றார்கள். 2007 டிசம்பரில்தான் வேறு விதமான அடி. இலண்டனிலிருந்து கொழும்பு வருகிற விமானத்தில் ஜனாதிபதியின் பரிவாரத்துக்கு இடம் கேட்டார்கள்; காசு கட்டின பயணிகளை இறக்கமாட்டோம் என்றது நிர்வாகம். பிரதம நிறைவேற்று அதிகாரியின் வேலை விசா இரத்தானது. 2008 மார்ச்சோடு எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டுப் போனது, 2010 இல் அதன் பங்கை அரசு 53 மில்லியன் டொலருக்குத் திரும்ப வாங்கியது. நான் திரும்பி வந்ததும் அதே இலண்டன்–கொழும்பு வழிதான். எனக்கு இடம் கிடைத்தது, ஒருவரும் இறக்கவில்லை.

இடையில் 2007 இல் மிகின் லங்கா என்று இன்னொரு அரச விமானக் கம்பனி. இருக்கிற ஒன்றையே ஓட்டுவது பாடு, அதற்கொரு தம்பி. 2016 இல் அதை மூடி அண்ணனோடு சேர்த்தார்கள். அதே வருஷம், குத்தகைக்கு எடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்த ஏ350 விமானங்கள் வேண்டாம் என்று நிறுத்தி, அதற்கும் நட்டஈடு. 2020 ஜனவரியில் எயார்பஸ் கம்பனி இலஞ்ச விவகாரத்தில் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா மூன்றுக்குமாக 360 கோடி யூரோ தண்டம் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த வழக்குத் தாள்களில் எங்கள் மயிலுக்கு விற்ற விமானங்களின் கதையும் இருக்கிறது. தண்டத்தை வாங்கியவை அந்த மூன்று நாடுகளும். கிழவரின் கணக்கில் ஒரு சதமும் குறையவில்லை.

காப்பாற்றுவது என்றால் அரசு ஒரு நாள் காசோலை எழுதிக் குடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எழுதினால் பாராளுமன்றத்தில் ஆராவது கேள்வி கேட்பார்கள். எங்கள் நாட்டில் அது சத்தமில்லாமல் நடக்கும். பெற்றோலியக் கூட்டுத்தாபனம் கடனுக்கு எரிபொருள் அடிக்கும். அரச வங்கிகள் கடன் குடுக்கும். அதே கூட்டுத்தாபனமும் அதே வங்கிகளிடம்தான் கடன் வாங்கி எண்ணெய் இறக்கும். மூன்றுபேர் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று மாங்காய் பிடுங்குகிற மாதிரி. கீழே நிற்கிறவனுக்குக் கால் நடுங்கியதும், 2024 வரவு செலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த என்று 450 பில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். வங்கிகள் தடுமாற அரசின் கடன் மறுசீரமைப்பு முதற்கொண்டு காரணம் பல. என்றாலும், நட்டக் கம்பனியைக் காப்பாற்றியவனைக் காப்பாற்ற இன்னொரு கை வேண்டியிருக்கிறது என்பது எந்தக் கணக்கெழுதுகிறவனுக்கும் விளங்கும்.

இந்த இடத்தில் நான் என்னையும் ஒருக்கால் பார்க்கவேண்டும். என் நிலையான வைப்பு இருப்பது ஒரு அரச வங்கியில். அந்த 450 பில்லியன் இல்லாமல் வங்கி ஆடியிருந்தால் முதலில் கும்பிட்டுக்கொண்டு ஓடியிருப்பவன் நான்தான். 2008 டிசம்பரில், சனத்திடம் வைப்பு வாங்கிவந்த கோல்டன் கீ நிறுவனம் விழுந்த கையோடு, அதே குழுமத்தைச் சேர்ந்த செலான் வங்கியில் சனம் காசெடுக்க முண்டியடித்தது பலருக்கு ஞாபகமிருக்கும். மத்திய வங்கி இரவோடிரவாக நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. கதவு மூடப்படவில்லை. மனுசியின் தங்கச்சியின் சீதனக் காசு அங்கே கிடந்தது, ஒரு சதம் குறையாமல் தப்பியது. அந்த வங்கி இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. நிர்வாகம் கைமாறியது, வைப்பாளர் தப்பினார். அதை நான் குறை சொல்லமாட்டேன். விமானக் கம்பனியில் வைப்பாளர் என்று ஒருவரும் இல்லை. தப்புவது கடன் குடுத்தவர்கள், விமானத்தை வாடகைக்கு விட்டவர்கள், கதிரையில் இருக்கிறவர்கள், என்னைப் போல ஏறுகிறவர்கள்.

இலண்டன் ஹரோவில் மகளின் வீட்டுக் குசினியில் இந்தக் கதை ஒரு நாள் பெரிதாகிவிட்டது. மருமகன் கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்:

"மாமா, இஞ்சயும் காப்பாத்தினவங்கள்தானே. 2008 இல லொயிட்ஸுக்கு 2,030 கோடி பவுண் போட்டவங்கள், 2017 இல கடைசிப் பங்கையும் விக்கேக்க 2,120 கோடி திரும்பி வந்தது. லாபம்."

"மற்ற வங்கி?"

"ஆர்பிஎஸ். அதுக்கு 4,550 கோடி பவுண். இப்ப பேர் நற்வெஸ்ட். போன மாசம் கடைசிப் பங்கும் வித்தாச்சு. ஆயிரம் கோடிக்கு மேல நட்டம்."

"பதினேழு வருஷ வட்டியைச் சேர்த்தோ?"

மருமகன் குழாயைப் பூட்டினார். "வட்டி சேர்த்தால் லொயிட்ஸ் லாபமும் லாபம் இல்லைத்தான் மாமா. ஆனா காப்பாத்தாமல் விட்டிருந்தால் அடுத்த நாள் ஏரிஎம்மில காசு வந்திராது. அந்தச் செலவை நீங்கள் எந்தப் பக்கத்தில எழுதுவியள்?"

நல்ல கேள்வி. நான் வரவுப் பக்கத்தில்தான் எழுதவேண்டும், எழுதுகிறேன். ஆனால் அவர் சொன்னதில் என் மனதில் தங்கியது வேறு. போட்டது எவ்வளவு, அதற்கு எத்தனை வீதப் பங்கு எடுத்தார்கள், எந்தத் திகதியில் விற்றார்கள், எவ்வளவு வந்தது என்று பாத்திரம் கழுவுகிற மனுசனால் தாள் பார்க்காமல் சொல்ல முடிகிறது. நான் 31 வருஷம் கணக்கெழுதியவன். எங்கள் மயிலுக்கு இதுவரை எவ்வளவு போனது, எந்த வழியால் போனது என்று ஒரே மூச்சில் சொல்ல என்னால் ஏலாது.

யாழ்ப்பாணத்தில் அடைவு வைக்காத குடும்பம் இல்லை. பெட்டையின் பள்ளிக் காசுக்குக் காப்பு, புகையிலைக்குப் பசளை போடச் சங்கிலி. நகையை உரசிப் பார்த்து, நிறுத்து, அதன் பெறுமதியில் ஒரு பங்குக்குத்தான் காசு. சீட்டில் தவணைத் திகதி எழுதியிருக்கும். திகதி தப்பினால் நகை ஏலத்துக்குப் போகும். பத்தாயிரம் ரூபா கேட்கிற விதவைக்கு இந்தச் சட்டம். மயில் 2014 இல் 175 மில்லியன் டொலருக்கு முறி, அதாவது கடன்பத்திரம், எழுதியது. ஈட்டுக்கு அரசின் உத்தரவாதம், அதாவது உங்களுடைய காப்பும் என்னுடைய சங்கிலியும். 2019 இல் தவணை வந்தது. முந்தியதைவிடக் கூடிய வட்டிக்கு, 7 வீதத்துக்கு, 2024 ஜூன் தவணையில் புது முறி எழுதிப் பழசை அடைத்தார்கள். எங்கள் ஊர்ச் சொல்லில் திருப்பி வைத்தது. 2024 தவணைக்கு முதலே நாடு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனுக்குக் கையை விரித்துவிட்டது.

காப்பாற்றவே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நான் இருந்த சங்கமே காப்பாற்றப்பட்டதுதான். சண்டைக் காலத்தில் பாதை பூட்டியிருக்க, சீனியும் பருப்பும் நிவாரணமும் எங்கள் கிளைகளால்தான் சனத்துக்குப் போனது. அப்போது நாங்கள் ராசா. 2002 இல் தெற்கே போகிற ஏ9 பாதை திறந்தது. கொழும்புச் சாமான் லொறி லொறியாக வந்திறங்க, சனம் ஒரே மாதத்தில் எங்களை மறந்துவிட்டது. நாங்களோ பழைய ஆளணியோடு பழைய விலையில் குந்தியிருந்தோம். இரண்டு வருஷத்தில் 41 இலட்சம் கடன். மேலிடத்திலிருந்து முற்பணம் தந்தார்கள். தருவதற்கு முன் பணிப்பாளர் சபை முழுவதும் இறங்கவேண்டும் என்றார்கள், இறங்கியது. இரண்டு கிளையைப் பூட்டச் சொன்னார்கள், பூட்டினோம். லொறியை விற்றோம். ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதிக்கு முன் வரவு செலவு, வாசலில் இருக்கிற பலகையில் ஒட்டப்பட்டது. தேத்தண்ணிக் கடைக்கு வந்தவனும் நின்று வாசிப்பான். வாசித்துவிட்டு என்னைப் பார்ப்பான். அங்கத்தவருக்கு ஆறு வருஷம் பங்கிலாபம் இல்லை, எனக்கு இரண்டு வருஷம் சம்பள உயர்வு இல்லை. கடன் அடைந்தது. பூட்டின கிளையொன்றில் வேலை செய்த இரண்டு பொம்பிளைகள் இன்றைக்கும் றோட்டில் கண்டால் என்னோடு கதைக்கமாட்டார்கள். அதுவும் அந்தக் கணக்கில் இருக்கிற செலவுதான்.

பூட்டிவிட்டால் எல்லாம் மிச்சம் என்று நினைக்கிறவர்கள் காங்கேசன்துறைக்கு ஒருக்கால் போய்ப் பார்க்கவேண்டும். 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் சண்டையோடு நின்றது. நட்டத்தால் நின்றது இல்லை, அது வேறு கதை. ஆனால் ஒரு பெரிய தொழில் நின்றால் அதைச் சுற்றியிருந்த தேத்தண்ணிக் கடை, சைக்கிள் கடை, வாடகை அறை எல்லாம் எப்படிப் போகும் என்பதற்கு அதைவிடக் கண்கண்ட சாட்சி எங்கள் பக்கத்தில் இல்லை. சுண்ணக்கல் தோண்டிய கிடங்குகள்தான் மிச்சம். என்னுடைய சித்தப்பா அங்கே வேலை செய்தவர். வெள்ளைப் புழுதியோடு வீட்டுக்கு வருவார், வாசலில் நின்று உதறிப்போட்டுத்தான் உள்ளே வருவார். மயிலைப் பூட்டு என்று எழுத எனக்குக் கை வராததற்கு அந்தப் புழுதியும் ஒரு காரணம்.

விற்றால் சரி என்கிறவர்களுக்கு அயலில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியா எயார் இந்தியாவை 2022 ஜனவரியில் ராற்றா நிறுவனத்திடம் குடுத்தது. விலை 18,000 கோடி இந்திய ரூபா. அதில் கையில் வந்த காசு 2,700 கோடிதான், மிச்சம் வாங்கியவர் பொறுப்பெடுத்த கடன். அதைப்போல மூன்று மடங்கு கடன், 46,000 கோடிக்கு மேல், அரசின் வேறொரு கம்பனிக்கு மாற்றப்பட்டது. ஆனபடியால் அங்கேயும் சனம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் நாளைய நட்டம் அவர்களுடையது இல்லை. ஒரு சின்ன வேடிக்கை: சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய அலையன்ஸ் எயாரின் சின்ன விமானம் அந்த விற்பனையில் சேராமல் இந்திய அரசிடமே நிற்கிறது. சென்னை போய்க் கண் சத்திரசிகிச்சை செய்து வந்த எங்கள் ஆக்கள் அதில் குந்தியது தமிழ்நாட்டுக்காரனின் வரியும் சேர்ந்த கதிரை. நாங்கள் மட்டும்தான் ஏமாளிகள் என்று நினைக்கவேண்டாம்.

எங்கள் மயிலை விற்கிற திட்டமும் இருந்தது. கேள்வியும் கோரினார்கள், 2024 இல் வந்த புதிய அரசு விற்பதில்லை என்று முடிவெடுத்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பழைய கடனில் ஒரு பகுதியை அடைக்க 20 பில்லியன் ஒதுக்கினார்கள். தலைக்கு ஒன்பதினாயிரமோ என்று முதலில் பயந்துபோனேன், பிறகு சுழியத்தை எண்ணிப் பார்த்தால் 900 ரூபாதான். ஆனால் பலகை எங்கே? பத்தாம் திகதிக் கணக்கு எங்கே ஒட்டியிருக்கிறது?

அந்த 900 எப்படிப் போகிறது என்பதும் பார்க்கவேண்டியது. 2022 நடுப்பகுதி வரை பெறுமதி சேர் வரி 8 வீதம். அந்த வருஷமே 12, பிறகு 15. 2024 ஜனவரியில் 18. வருமான வரி கட்டாதவன் வரி கட்டாதவன் என்று ஒரு கதை இருக்கிறது, அது பொய். சவர்க்காரம் வாங்குகிறவன், போனுக்கு ரீலோட் போடுகிறவன் எல்லாம் கட்டுகிறான். மின்சார சபையின் நட்டத்தை அடைக்க 2022 இலும் 2023 இலும் கட்டணத்தை ஏற்றியபோது நானும் திட்டினேன். என்றாலும் லைற் எரித்தவன்தானே கட்டினான், கூட எரித்தவன் கூடக் கட்டினான். விமானத்தின் நட்டத்தை விமானத்தில் ஏறாதவன் கட்டுவதுதான் எனக்குச் செரிக்கவில்லை. கொழும்பில் தனியார் கம்பனியில் இருக்கிற என் மகனுக்குச் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற சேமலாப நிதியிலும், அரசின் கடன் மறுசீரமைப்புக்கென்று, 2023 இல் கைவைத்தார்கள். அந்த நிதி வைத்திருந்த பழைய முறிகளுக்குப் பதிலாக, 2025 வரை 12 வீதமும் பிறகு 9 வீதமும் வட்டி தருகிற புதிய முறிகள். "அப்பா, நான் ஒருநாளும் லண்டன் போகேல்லை," என்றான். அவனுக்கு அடுத்த முறை ரிக்கற் எடுத்துக் குடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சரி, மதிப்பெண். விமானச் சேவைக்கு ஐந்தில் நாலரை. அரையை என்னுடைய இயல்புப்படி பிடித்து வைத்திருக்கிறேன், வேறு காரணம் இல்லை. ரிக்கற்றில் அடித்த விலைக்குப் பெறுமதி உண்டா என்றால் உண்டு, ஐந்தில் நாலு. வரி கட்டுகிறவன் என்ற கணக்கில் ஐந்தில் ஒன்று. அந்த ஒன்றும் மட்டக்களப்புப் பெடியனுக்கு. வான்காரருக்கு இரண்டு, ஆயிரம் ரூபா திருப்பித் தந்ததால் மூன்று. கருவாடு கொண்டுவந்தவருக்கு மதிப்பெண் இல்லை.

வந்து இரண்டாம் நாள் திண்ணைவேலிச் சந்தைக்குப் போனேன். வழமையாக மரக்கறி வாங்குகிற பிள்ளை, வயது ஐம்பது இருக்கும், என்னைக் கண்டதும் சாக்கை உதறிக்கொண்டு எழும்பினா.

"ஐயாவைக் கனநாளாய்க் காணேல்லை."

"லண்டன் போட்டு வாறன் பிள்ளை. கத்தரிக்காய் என்ன விலை?"

"கிலோ 280. உங்களுக்கு 270. எங்கடை பிளேனிலயோ போனனீங்கள்?"

மனுசி சொன்ன அதே சொல். ஓம் என்றேன். அவ ஊதாக் கத்தரிக்காயைத் தெரிந்து தெரிந்து தராசில் போட்டா. 900 ரூபாவுக்கு மூன்று கிலோவுக்கு மேல் வரும் என்று என் வாய்க்குள் கணக்கு ஓடியது, வெளியே சொல்லவில்லை.

"சாப்பாடு தந்தவையோ?"

"தந்தவை. சோறு, பருப்பு, கத்தரிக்காய் மோஜு. நல்லாத்தான் இருந்தது."

"கத்தரிக்காய் எவ்விடத்தையாம்?"

"கேக்கேல்லை பிள்ளை."

"கேட்டிருக்கலாமே ஐயா," என்று சொல்லி, முள் சரியாய் நின்ற பிறகும் இன்னொரு காயை எடுத்துத் தட்டில் போட்டா.